சிட்டையை மூடும் முன்: வேலை, தொழில் பற்றிய வாசகர் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கத்து வாசகர்களிடமிருந்து வேலை தொடர்பாக வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. கணக்கு, விடுதி நிர்வாகம், ஆள் தேர்வு, கைத்தொழில், வெளிநாட்டு வேலை ஆகியவற்றில் நாள்தோறும் புழங்குகிறவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் பெட்டியில் இருக்கும் பணமும் சிட்டை (நாள்வரவு செலவு நோட்டு) இருப்பும் ஒத்து வருவதில்லை. சில நாள் 90 ரூபாய், சில நாள் ஆயிரத்துக்கு மேல். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தேடித் தேடி ராத்திரி எட்டரை ஆகிவிடுகிறது.
– வாசகர், புதுவயல்

பதில்: எட்டரை வரை உட்கார்ந்து தேடுகிறீர்களே, அந்த மனசு இருக்கிறவருக்கு மீதி எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். ஆனால் நாள் முழுதும் ஓடவிட்டுக் கடைசியில் தேடினால் எண்பது பதிவுகளுக்குள் தேட வேண்டியிருக்கும். நடுவில் இரண்டு முறை நிறுத்தி எண்ணுங்கள். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் முன் ஒரு தடவை, நாலு மணி டீக்கு முன் ஒரு தடவை. ஒரு துண்டுச் சீட்டில் 500, 200, 100, 50, 20, 10, சில்லறை என்று வரிசையாகப் போட்டு, எத்தனை தாள் என்று எழுதிப் பெருக்கிக் கூட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. மதியம் ஒத்து வந்து நாலு மணிக்கு ஒத்து வரவில்லை என்றால், தப்பு அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான். காலையில் பெட்டியைத் திறந்ததும் முதல் நாள் இருப்பையும் எண்ணிவிடுங்கள். முதல் நாள் தப்பை இன்றைக்குத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்படியும் வித்தியாசம் வந்தால், சிட்டையைப் புரட்டும் முன் அந்த வித்தியாசத் தொகையையே பாருங்கள். எங்கே தேடுவது என்பதை அதுவே சொல்லும்.

வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். 8,260 என்பதை 8,620 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 360. அதை 9-ஆல் வகுத்தால் 40. பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 4 வித்தியாசம் என்று அர்த்தம். உங்களுக்கு அடிக்கடி வரும் 90 இந்த ரகம்தான். வகுத்தால் 10, ஆகவே பத்திலும் நூறிலும் அடுத்தடுத்த இலக்கங்கள் இருக்கும் தொகைகளை மட்டும் பாருங்கள்: 7,450, 3,230 இந்த மாதிரி. சுழியம் விட்டுப்போனாலும் 9-ஆல் வகுபடும். 4,500-ஐ 450 என்று எழுதினால் 4,050 குறையும்.

9-ஆல் வகுபடவில்லையா, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 1,250 என்றால் 625. அன்றைக்கு 625 ரூபாய்ச் செலவு ஒன்று இருந்து, அதை வரவுப் பக்கம் ஏற்றியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக 1,250 வரும். இரண்டும் இல்லை என்றால் ஒரு பதிவு அப்படியே விட்டுப்போயிருக்கும். அதே தொகைக்குச் சீட்டோ பில்லோ கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஆலையில் விட்டுப்போவது எது என்றால் லோடு ஏற்றிய கூலி, டிரைவர் பேட்டா, டீச்செலவு. பணம் பெட்டியை விட்டுப் போகும் அதே நொடியில், அதே தொகைக்கு ஒரு கைச்சீட்டு பெட்டிக்குள் போக வேண்டும். “அப்புறம் எழுதிக்கலாம்” என்று யார் சொன்னாலும், முதலாளியே சொன்னாலும், சீட்டைப் போட்டுவிட்டுத்தான் பணத்தை நீட்டுங்கள். இன்னொன்று யுபிஐ. க்யூஆரில் வந்ததை ரொக்க வரவோடு சேர்த்து எழுதினால் பெட்டி என்றைக்கும் ஒத்து வராது. அதற்குத் தனிப் பத்தி போட்டு, தொகைக்கு எதிரே அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கையாவது குறித்து, பேங்க் ஸ்டேட்மெண்டோடு மறுநாள் காலை ஒப்பிடுங்கள்.

தப்பாக எழுதியதன் மேலேயே திருத்தி எழுதாதீர்கள். ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வையுங்கள். அடித்தது தெரிய வேண்டும். தெரிகிற தப்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கூடுதலாக ஒன்று சொல்கிறோம், நீங்கள் கேட்காதது. அரசு அரவைக்குக் கொடுக்கும் நெல்லில் 100 கிலோவுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ ஆலை திருப்பித் தர வேண்டும் என்பது விதி. உங்கள் ஆலையில் ஒவ்வொரு லாட்டுக்கும் உள்ளே வந்த நெல்லின் ஈரப்பதம், நிகர எடை, வெளியே போன அரிசி, நொய், தவிடு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதிவாருங்கள். ஆறு மாதத்தில் எந்த ஊர் நெல் கட்டுபடியாகிறது, எது ஆகவில்லை என்று உங்கள் நோட்டுதான் சொல்லும். முதலாளி கொள்முதலுக்குக் கிளம்பும் முன் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெராக்ஸ் எடுப்பது, பில் ஒட்டுவது, டீ சொல்வது இதுதான் வேலை. எப்போது வேலை கற்றுக்கொள்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, இந்த ஊர்க்காரர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்த காலத்தில், வேலைக்கு வரும் பையன் முதலில் பெட்டியடிப் பையன்தான். கணக்குப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்வான். அங்கிருந்து அடுத்தாள், அடுத்தாளிலிருந்து கடையையே நடத்தும் மேலாள். பெட்டியடியில் உட்கார்ந்தவன் கண்ணில் படாத சீட்டு அந்தக் கடையில் இருக்காது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பலம்.

நீங்கள் ஒட்டும் பில்லும் அப்படித்தான். ஒட்டும்போது நான்கு விஷயம் பாருங்கள்: தேதி இந்த ஆண்டுக்குள் இருக்கிறதா, விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகளும் இருக்கின்றனவா, வாங்கியவர் பெயர் உங்கள் கட்சிக்காரர் பெயர்தானா, வரியைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் வருகிறதா. குறை இருக்கும் பில்லைத் தனியாக எடுத்து, மேலே ஒரு துண்டுத்தாளில் என்ன குறை என்று எழுதிச் சீனியரிடம் கொடுங்கள். “பில்லெல்லாம் ஒட்டிட்டேன் சார்” என்பதற்கும் “ஒட்டிட்டேன் சார், இதில் ஏழு பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பு” என்பதற்கும் நடுவில் ஒரு பதவி இருக்கிறது.

ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, “வேலை கற்றுக்கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு சின்ன வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “இந்தக் கடையோட கொள்முதல் பதிவை மட்டும் நான் போடறேன் சார், நீங்க சரிபார்த்தா போதும்.” நேரம் பார்த்துக் கேளுங்கள். மாதத்தின் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருக்கடி, அன்றைக்கு வேண்டாம்.

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு விடுதியில் வரவேற்பில் இருக்கிறேன். காலை ஷிப்டில் விருந்தாளி சொன்னது மாலை ஷிப்டுக்குப் போய்ச் சேருவதில்லை. திட்டு எனக்குத்தான்.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: சொல்கிறீர்கள், அவர்களும் கேட்கிறார்கள், ஆனால் கேட்கும்போது கையில் சாவிக்கொத்தும் காதில் போனும் இருக்கும். வாய்ச்சொல் அங்கேயே விழுந்துவிடும். ஒரு நீளநோட்டு போட்டு ஆறு பத்தி கிழியுங்கள்: சொன்ன நேரம், அறை, என்ன கேட்டார், எத்தனை மணிக்கு வேண்டும், யார் பொறுப்பு, முடிந்ததா. கடைசிப் பத்தி காலியாக இருக்கும் வரிகளை மட்டும் ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். வருகிறவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நீங்கள் பையை எடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும். ஷிப்ட் நேரத்திலேயே அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள்.

எழுதும்போது எழுதாதவருக்கும் புரிய வேண்டும். “வளவு மாடி அறைக்கு வெந்நீர்” என்று எழுதினால் எந்த மாடி அறை? இந்த வீடுகளில் முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது, வளவைச் சுற்றி ஒரே மாதிரி எட்டு பத்துக் கதவு. அறை எண்ணையும் எந்தக் கட்டு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். “காலையில் சீக்கிரம் கார்” என்பது வேண்டாம். “5.15-க்கு முகப்பு வாசலில் கார், பிள்ளையார்பட்டிக்கு, 4 பேர்” என்று இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை நோட்டில் எழுதினால் மட்டும் போதாது. சாப்பாட்டு ஒவ்வாமை. விருந்தாளி “கடலை ஆகாது” என்று சொன்னால், வேர்க்கடலைச் சட்னியை நிறுத்துவதோடு வேலை முடியவில்லை. நம் ஊர் அடுப்படியில் செக்குக் கடலெண்ணெய் பொரிக்கிற சட்டியிலும் இருக்கும், தாளிக்கிற கரண்டியிலும் இருக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாதவருக்கு அதுவே மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். அதனால் சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதி, சமையல் மாஸ்டர் கையில் நேரில் கொடுத்து, எந்த எண்ணெய், எந்தச் சட்டி என்று அவர் வாயால் கேட்டுக்கொண்டு வாருங்கள். விருந்தாளி கிளம்பும் வரை அந்தச் சீட்டு அடுப்படிச் சுவரில் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே சீர்ப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். யார் கேட்டாலும் “ஆகட்டும்” என்று சொல்லிவிடுகிறேன். முகூர்த்த மாதத்தில் இரண்டு ஆர்டர் தாமதமாகிப் பேர் கெட்டது. எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.
– வாசகி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, உங்களுக்கு மறுக்கத் தெரியாதது சிக்கலில்லை. உங்கள் அடுப்பு ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு கையில் இல்லை, அதுதான் சிக்கல். அது இருந்தால் மறுக்கவே வேண்டியதில்லை, தேதி சொன்னால் போதும்.

மூன்று நாள் அளந்து பாருங்கள். தேன்குழல் போடும்போது மாவு பிசைந்த நேரம், எண்ணெய் காய்ந்த நேரம், கடைசி ஈடு எடுத்த நேரம், தேறிய எடை. கைமுறுக்குக்குத் தனியாக, மனகோலத்துக்குத் தனியாக, சீப்புச் சீடைக்குத் தனியாக. கைமுறுக்கு சுற்றுவதற்கு ஆள் கை வேண்டும், தேன்குழலுக்கு அச்சு இருந்தால் போதும், இரண்டுக்கும் ஒரே வேகம் வராது. பேச்சுக்கு, தேன்குழல் ஒரு அடுப்பில் மணிக்கு 3 கிலோ என்று வந்தது என்று வையுங்கள். நாளைக்கு ஆறு மணி நேரம் பொரித்தால் 18 கிலோ. அதை 18 என்று வாக்குக் கொடுக்காதீர்கள், 14 என்று வையுங்கள். கேஸ் தீரும், கரண்ட் போகும், உதவிக்கு வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல் வரும். அந்த 4 கிலோ அதற்கு.

பிறகு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதிரச மாவு பாகு சேர்த்துக் குறைந்தது ஒரு நாளாவது ஊற வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். மாவுக்கு அரிசியை ஈரத்தோடு இடிக்க வேண்டும் என்பதால் அதற்கு முன்னால் ஊறவைத்து உலர்த்தும் நேரமும் இருக்கிறது. ஆக வெள்ளிக்கிழமைச் சீருக்குப் புதன் காலையில் அரிசி ஊற வேண்டும். பெரிய தாள் காலண்டர் ஒன்றை அடுப்படியில் மாட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு ஏற்றுக்கொண்ட கிலோவை எழுதுங்கள். 14 ஆனதும் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள். போனில் கேட்கும்போதே காலண்டர் முன்னால் போய் நின்றுகொண்டு பேசுங்கள். “15-ம் தேதி நிறைஞ்சிருச்சுங்க. 13-ம் தேதியே கொடுத்துரட்டுமா? தேன்குழல் ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது. அதிரசம் மட்டும் வேற நாள் பார்ப்போம்.” கேட்கிறவருக்கு மனம் வருந்தாது.

முன்பணம் பாதி வாங்கி, என்ன பலகாரம், எத்தனை எண்ணிக்கை, என்ன தேதி, எத்தனை மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். குரல் பதிவு வேண்டாம். மூன்று வாரம் கழித்து அதில் 51 என்றாரா 101 என்றாரா என்று தேட முடியாது. தாமதமாகும் என்று முதல் நாளே தெரிந்தால் முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சீர் வைக்கிற வீட்டில் காலையில் தெரிந்தால் அது சண்டை, முதல் நாள் தெரிந்தால் அது ஏற்பாடு.

கேள்வி: அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம். முடித்தேன். நாற்பது கம்பெனிக்கு மேல் விண்ணப்பம் அனுப்பியும் மூன்று பேர்தான் கூப்பிட்டார்கள். என் மதிப்பெண் குறைவில்லை. எங்கே தப்பு?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய ஒரு மின்னஞ்சலின் நகலையும் இணைத்திருந்தீர்கள், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். தலைப்பு இடம் காலி. உள்ளே ஒரு வரியும் இல்லை. கோப்பின் பெயர் “ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2”. ஒரே நாளில் நூறு மின்னஞ்சல் பார்க்கிறவர் இதைத் திறக்கவே மாட்டார். திறந்தாலும், சேமித்த பிறகு அவர் கணினியில் உங்கள் கோப்பு உங்கள் பெயரில் இருக்காது.

தலைப்பில் பதவி, உங்கள் பெயர், படிப்பு மூன்றும் வரட்டும். கோப்பின் பெயர் உங்கள் பெயராகவே இருக்கட்டும், பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். வேர்டில் அனுப்பினால் அவர்கள் கணினியில் வரிகள் இடம் மாறிவிடும். மின்னஞ்சலுக்குள் ஐந்து வரி போதும்: எந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறீர்கள், என்ன படித்தீர்கள், அந்த வேலைக்குப் பொருந்தும்படி உங்களுக்கு என்ன தெரியும், எப்போது சேர முடியும், போன் எண். மூன்றாவது வரிதான் முக்கியம். “கடின உழைப்பாளி” என்று எழுதாதீர்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். “டேலியில் கொள்முதல், விற்பனைப் பதிவு, பேங்க் ஒத்துப்பார்த்தல் செய்வேன்” என்றால் அவருக்கு ஒரு படம் கிடைக்கும். தெரியாததை எழுத வேண்டாம், முதல் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். ஒரே மின்னஞ்சலில் பத்துக் கம்பெனி முகவரியையும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் போகட்டும்.

ஒரு நோட்டில் தேதி, கம்பெனி, பதவி, எந்த ஊர், யார் பேசினார் என்று எழுதிவையுங்கள். பதினைந்து நாள் கழித்து ஒருவர் கூப்பிடும்போது “எந்த கம்பெனிங்க?” என்று நீங்கள் கேட்டால் அவர் அங்கேயே ஒரு கோடு போட்டுவிடுவார். நோட்டு பக்கத்தில் இல்லாதபோது அழைப்பு வந்தால், “பஸ்ஸில் இருக்கிறேன் சார், அரை மணியில் நானே கூப்பிடட்டுமா?” என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொன்ன அரை மணியில் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். தெரியாத எண் என்று எடுக்காமல் விடாதீர்கள். பதில் வராவிட்டால் ஏழு வேலைநாள் கழித்து, முதல் மின்னஞ்சலுக்கே பதிலாக இரண்டு வரி எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

சென்னையில் காலை 10 மணிக்கு நேர்காணல் என்றால் அன்றைய பல்லவன் ரயிலை நம்பாதீர்கள். காரைக்குடியில் விடியலில் கிளம்பினாலும் மதிய வேளையில்தான் சென்னை. முதல் நாள் இரவு ரயிலோ பஸ்ஸோ பிடித்து, முகம் கழுவி உடை மாற்ற இடம் பார்த்துக்கொண்டு, 9.40-க்கு வாசலில் இருங்கள். ஒரு பையில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் ஜெராக்ஸ், நான்கு புகைப்படம், நீல மைப் பேனா. அசலைக் காட்டலாம். வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் சரி.

கேள்வி: பத்து நிமிடம் தாமதமாகப் போவதைக்கூடப் பெரிதாகப் பேசுகிறார் மேனேஜர். பஸ் வந்தால்தானே போக முடியும்?
– வாசகர், கண்டனூர்

பதில்: முந்தின பஸ்ஸில் போங்கள். அது முடியாத நாளில், தாமதமாகும் என்று தெரிந்த நிமிடமே “9.20-க்கு வந்துவிடுவேன்” என்று நேரம் போட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். “கொஞ்சம் லேட் ஆகும்” என்றால் அவர் உங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் தரைக்கல்) பட்டறையில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். பத்துக் கல்லுக்கு இரண்டு கல் கழிந்துபோகிறது. கேட்டால் “கைப்பழக்கம், போகப் போக வரும்” என்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதுதானா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: கை பழகக் காலம் ஆகும் என்பது உண்மை. ஆனால் எது எதனால் கெட்டது என்று தெரியாமல் பழகினால், கை அந்தத் தப்பையும் சேர்த்தே பழகும். கழிந்த கல்லை ஓரமாகத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் சாக்கட்டியால் தேதியும் கோளாறும் எழுதி, வாரம் முழுதும் சேர்த்து வைத்து, சனிக்கிழமை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

கோடுகளில் ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கியிருந்தால் கலவையில் தண்ணீர் கூடிப்போனது, அல்லது நிறம் ஊற்றும் அச்சைச் சாய்த்துத் தூக்கியிருக்கிறீர்கள். அச்சு நேர் மேலே வர வேண்டும், இரண்டு கையும் ஒன்றாக. மூலையில் நிறம் எட்டவில்லை என்றால் கலவை கெட்டி. முகத்தில் ஊசிக்குத்தாகப் பொத்தல் இருந்தால் ஊற்றும்போது காற்று மாட்டியிருக்கிறது. பளபளப்பு திட்டுத்திட்டாக இருந்தால் கல்லை வார்க்கும் கண்ணாடியில் அழுக்கோ பழைய சிமெண்டோ இருந்தது. இந்தக் கல்லுக்கு மெருகு ஏற்றும் மெஷின் எதுவும் கிடையாது, கண்ணாடியின் முகம்தான் கல்லின் முகம். நிறப் படலம் பின்பக்கத்திலிருந்து உரிந்தால், நடுவில் தூவும் உலர்ந்த சிமெண்ட்–மணலைப் பாருங்கள். நிறத்திலிருக்கும் கூடுதல் ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். குறைந்தாலும் ஒரே இடத்தில் குவிந்தாலும் பிடிப்பு இருக்காது.

நான்கு வாரத்தில் உங்கள் கழிவில் பாதிக்கு மேல் ஒரே கோளாறாக இருப்பது தெரிந்துவிடும். அதை மட்டும் திருத்துங்கள். ஐந்தையும் ஒன்றாகத் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது.

நிறத்தைக் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள். கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கி, வெள்ளைச் சிமெண்ட் இத்தனை கிலோவுக்கு நிறப்பொடி இத்தனை கிராம் என்று எழுதிவையுங்கள். ஒரு வீட்டுக்கு வேண்டிய நிறம் முழுதையும் உலர்ந்த நிலையிலேயே ஒரே தடவையில் கலந்து மூடி வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு வேண்டியதில் மட்டும் தண்ணீர் சேருங்கள். ஈரக் கல்லின் நிறத்தை உலர்ந்த மாதிரிக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொரு தப்பு, ஈரத்தில் எந்த நிறமும் அடர்த்தியாகத்தான் தெரியும். மழை நாளில் மணலே ஈரமாக இருக்கும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைத்தீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஐப்பசியில் அந்தப் பக்கம்தான் உங்களுக்கு மேஸ்திரி.

கேள்வி: அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலை அனுமதியில் போகிறேன். அங்கே ஏமாறாமல் இருக்க என்னென்ன பழக்கம் வேண்டும்?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: போவதற்கு முன்பே ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஏஜெண்ட் வாயால் சொன்ன தொகையை விடுங்கள், அந்தத் தாளில் இருப்பதுதான் கணக்கு. இரண்டும் ஒத்து வராவிட்டால் விமானம் ஏறும் முன் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்பது கடினம். மூன்று நகல் எடுத்து, ஒன்று வீட்டில், ஒன்று உங்கள் பையில், ஒன்று போனில் படமாக. பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. அசல் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம்.

மாதச் சம்பளம் அந்தச் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும், ஓவர்டைம் பணம் 14 நாளுக்குள். 2016 ஏப்ரலிலிருந்து எல்லா முதலாளியும் விவரமான சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை ஒன்றுவிடாமல் வாங்கி, வந்த அன்றே படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

சீட்டு சரியா என்று பார்க்க உங்களிடம் தனிக் கணக்கு இருக்க வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று. ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் நான்கு விஷயம்: எந்த இடத்தில் வேலை, தொடங்கிய மணி, முடிந்த மணி, சாப்பாட்டுக்கு விட்ட நேரம். ஓவர்டைமுக்குக் கணக்கு இப்படி: மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 2,288-ஆல் வகுக்க வேண்டும் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி). அடிப்படை 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் மணிக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 20 காசு. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. மாதம் 40 மணி நேரம் பார்த்திருந்தால் 251 வெள்ளிக்கு மேல் வர வேண்டும். ஓவர்டைம் மாதம் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி.

குறைந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். நோட்டையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து, எந்தெந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் விட்டுப்போயிருக்கிறது என்று எழுதி, சூப்பர்வைசருக்குச் செய்தியாக அனுப்புங்கள். பெரும்பாலும் எழுதுகிறவர் கவனக்குறைவுதான், அடுத்த மாதம் சரிசெய்துவிடுவார்கள். சரிசெய்யாவிட்டால் மனிதவள அமைச்சகம் இருக்கிறது. வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதற்குப் பிறகு போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே உங்கள் பக்கம் பேசப் போவது தேதி போட்ட அந்த நோட்டுதான். ஒரு மாதத்தை ஒரே நாளில் உட்கார்ந்து எழுதினால் மையும் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். அன்றன்றைக்கு எழுதுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது தொகை, அன்றைய மாற்று விகிதம், அனுப்பும் கட்டணம் மூன்றையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, இங்கே வாங்குகிறவரையும் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். விடுமுறையில் வரும்போது இரண்டு நோட்டையும் திண்ணையில் வைத்துக்கொண்டு அம்மாவும் நீங்களும் ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு இடம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.